அவர் வடக்கே போகவில்லை

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம், திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டி இருக்கும் எங்கள் குப்பத்தில் நடந்தது இது. ‘எங்கள் குப்பம்’ என்று இப்போது உரிமையோடு சொல்கிறேன். அப்போது அப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கடல் என்றால் எனக்குக் காணும் பொங்கலுக்குப் போய், முழங்கால் வரை நனைந்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வருகிற இடம். மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலை. தோழியின் கல்யாணத்தில் பார்த்துப் பழகிய ஒருவரை, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டேன். அவர் மீன் பிடிக்கிறவர். எங்கள் வீட்டில் புத்தர் படம், அவர்கள் வீட்டில் அம்மன் படம். இரண்டும் ஒரே அலமாரியில் ஏறுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தச் சண்டைகளில் எதிர்க்கட்சித் தலைவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். அவர் குரல் கொடுத்தால் நாலு கடை தள்ளி நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அவருடைய கணவரும் என் வீட்டுக்காரரும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள், எங்கள் பேச்சில் ‘போட்டு’. கூட ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக விடிவதற்கு முன் போய், மதியச் சாப்பாட்டுக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள்.

அந்தப் போட்டில் ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவி உண்டு. பார்க்க பழைய செல்போன் மாதிரி இருக்கும். கடலில் மீன் கூடுகிற இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை வழி காட்டும். அந்த இடத்துக்கு ‘பாயிண்ட்’ என்று பெயர். அடியில் பாறையோ, எந்தக் காலத்திலோ மூழ்கிய இரும்போ கிடக்கும். பெரிய மீனெல்லாம் அங்கேதான் நிற்கும். ஒரு நல்ல பாயிண்ட் கிடைக்க வருடக்கணக்கில் கடலில் அலைய வேண்டும். அதனால் அவசரத்துக்குக் கழுத்தில் கிடக்கிற தாலிக்கொடியைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள், பாயிண்டைக் கொடுக்க மாட்டார்கள். கூடப்பிறந்தவனே கேட்டாலும் கையை எங்கேயோ காட்டி, ‘அந்தாண்ட’ என்பார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இவர்களுடைய பழைய கருவிக்குள் தண்ணீர் புகுந்து அது செத்துப்போனது. வீடே இழவு வீடாகிவிட்டது. நான் விவரம் புரியாமல், “வேற வாங்கிக்கலாம், இதுக்கா இப்படி உக்காந்துகினு கீறீங்க?” என்று கேட்டுவிட்டேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும்.

“எங்கப்பா புடிச்சு வெச்ச எடமெல்லாம் அதுக்குள்ள கீது. எந்தக் கடையில விக்கறான் அத்த? போய் வாங்கினு வா பாப்போம்.”

ஞாபகத்தில் இருந்ததை வைத்துத் தேடித் தேடி, பாதி இடங்களை இவர்கள் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு ஆடி போனது.

எங்கள் ஆபீசில் அன்றன்றைய பதிவை பேக்கப் எடுக்காமல் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாது. அந்தப் பழக்கத்தில் நான், “புதுக் கருவியில இருக்கிறத ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிக்கலாம். கருவி கடல்ல விழுந்தாலும் பாயிண்ட் போகாது” என்றேன். அவ்வளவுதான், அண்ணி எகிறிக் குதித்தார்.

“இன்னா, இன்டர்நெட்ல போட்டு ஊருக்கே படம் காட்டப் போறியா? வியாசர்பாடிக்கு ஒரு காப்பி, மணலிக்கு ஒரு காப்பியா?”

நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. “வியாசர்பாடில எவன் அண்ணி மீன் புடிக்கறான்? கால்வாய்லயா?” என்றேன். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் சிரித்ததற்கும் சேர்த்து எனக்கே திட்டு விழுந்தது.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் இன்டர்நெட் இணைப்பு கூடாது. ஒரு நகல் பென்டிரைவில். அந்தப் பென்டிரைவ் அண்ணி வசம். அவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கேட்டால், மஞ்சளைத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுப்பார். வேலை முடிகிற வரை பின்னாலேயே நிற்பார். அந்த பென்டிரைவைச் செருகிய இடமெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை ரொம்பப் பிடித்துப்போனது. கருவி பாயிண்டை மட்டும் வைத்திருக்காது. போட்டு போன வழி முழுவதையும் கோடாக வரைந்து வைத்திருக்கும். ஆனால் இடம் நிரம்பிவிட்டால் பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பிக்கும். அதற்குள் நான் எடுத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தமிழ் மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்தேன். இவர் ஆடி, ஐப்பசி என்று காற்றை வைத்துத்தான் பேசுவார், ஜூலை என்றால் யோசிப்பார். ஒரே இடத்தை மூன்று தடவை அழுத்தி வைத்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். கம்ப்யூட்டரில் எல்லாக் கோட்டையும் ஒன்றாகத் திறந்தால், கரையிலிருந்து கடலுக்குள் ஒரு மரமே கிளை விட்டிருப்பது மாதிரி தெரியும்.

அப்படிப் பார்க்கும்போது இரண்டு விஷயம் வேடிக்கையாக இருந்தது. ஒன்று, பெயர்கள். ஒன்றுமே கிடைக்காத இடத்துக்கு என் வீட்டுக்காரர் ஆங்கில எழுத்தில் ‘ராணி’, ‘லட்டு’ என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் நல்ல இடத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘கலீஜ்’, அதாவது அசிங்கம். கருவியை எவனாவது திருடினால் லட்டுக்குப் போய் ஏமாறட்டும் என்று ஏற்பாடு. நான் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று பெயரை மாற்றப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று, அந்தக் கோடுகள். கலீஜுக்குப் போகிற கோடு ஒன்றுகூட நேராகப் போகவில்லை. அந்த இடம் எங்கள் குப்பத்துக்குத் தென்கிழக்கே, துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்களையும் தாண்டி இருக்கிறது. ஆனால் எல்லாக் கோடும் கரையிலிருந்து வடக்கே, எண்ணூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போய், பிறகு தூண்டில் முள் மாதிரி வளைந்து தென்கிழக்கே திரும்பியது.

“இன்னாத்துக்கு இப்படிச் சுத்திகினு போறே? எண்ணெய் என்ன சும்மாவா குடுக்கறான்?” என்று கேட்டேன்.

“நேராப் போனா பின்னாலயே வருவானுங்க. வடக்கால போற மாதிரி போய், கண்ணுக்கு மறைஞ்சதும் திருப்பிக்கணும்” என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று நான் லீவு போட்டிருந்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று அம்மி பறக்காததுதான் பாக்கி. கோயில் பந்தல் கழன்று பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. ஆடிக் காற்று எங்கள் பக்கத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். இன்ஜின் நின்றுபோன போட்டை அது கரைக்குக் கொண்டுவராது, ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடற்கரையில் நின்றிருந்த ஒரு பொம்பளை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

காற்று ஏறுகிறது என்று எல்லாப் போட்டும் சீக்கிரமே திரும்பிவிட்டன. எங்களுடையது வரவில்லை. மதியம் கடந்தும் வரவில்லை. போட்டில் வயர்லெஸ் கிடையாது. செல்போன் சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரம்வரைதான். என் வீட்டுக்காரருக்கு ஐம்பது தடவை போன் போட்டிருப்பேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பொண்ணு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணி மார்க்கெட்டிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். ஒரே போட்டில் தம்பியும் புருஷனும். அவர் அழவில்லை, வாயே திறக்கவில்லை. அவர் சத்தம் போடாததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது.

கரையில் மூன்று போட்டுகள் தேடப் போகத் தயாராக நின்றன. முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். என் மாமனாரோடு ஒரு காலத்தில் ஒரே போட்டில் போய், பிறகு தகராறாகிப் பிரிந்தவர். இரண்டு குடும்பத்துக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டு, ஆனால் கடலில் பரம எதிரிகள். என் வீட்டுக்காரர் வடக்கே போய்த் திரும்புவதே முக்கியமாக இவர் கண்ணில் மண்ணைத் தூவத்தான். இப்போது தேடுவதற்கு முதல் ஆளாக இன்ஜினைத் தூக்கி வந்தவரும் அவர்தான்.

“காலைல கேட்டேன், எண்ணூராண்ட போறேன்னு சொன்னான். வடக்காலதான் போனான், என் கண்ணால பார்த்தேன்” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கடலோரக் காவல் படைக்கும் மீன்வளத்துறைக்கும் தகவல் போய்விட்டது. அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் ‘எந்தப் பக்கம்?’ என்பதுதான். அவர்களுக்கும் வடக்கு என்றே சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்த வளைந்த கோடு கண் முன்னால் வந்து நின்றது.

“காலைல வலை எடுத்துகினு போனாரா, தூண்டிலா?” என்று அண்ணியைக் கேட்டேன்.

“தூண்டில். இன்னாத்துக்கு?”

வடக்கே எண்ணூர்ப் பக்கம் சேற்றுத்தரை, அங்கே இவர்கள் வலைதான் போடுவார்கள். தூண்டில் என்றால் பாறை. ஆடியில் தூண்டில் என்றால் கலீஜ். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஃபோல்டர் பிரித்தவளுக்கு இது தெரியாதா?

நான் நேராகச் சின்ன மாமாவிடம் போய், “மாமா, அவர் வடக்கே போகல” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ‘பதட்டத்தில் உளறுகிறாள்’ என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

“நான் பாத்தேம்மா” என்றார் சின்ன மாமா பொறுமையாக.

“நீங்க பாக்கணும்னுதான் மாமா அப்படிப் போனாரு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சின்ன மாமா முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் அவர் கோபப்படவில்லை. கடலில் நாற்பது வருடம் பொய் சொன்னவருக்கு இன்னொரு பொய் புரியாதா? “அப்ப எங்கம்மா கீறான்?” என்று கேட்டார்.

“இடம் தெரியும். நம்பர் வீட்ல கீது. கொஞ்சம் நில்லுங்க மாமா, கால்ல வேணா விழறேன்.”

“சீக்கிரம் வா. இருட்டிடுச்சின்னா பேஜாரு.”

அண்ணியும் நானும் வீட்டுக்கு ஓடினோம். கரண்ட் இல்லை. காற்றில் எங்கேயோ ஒயர் அறுந்திருந்தது. திரும்பினால் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும், எங்கள் தெருவில் ஒரு பல்பு எரியவில்லை. எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. அண்ணி சமையலறைக்குள் போய், மஞ்சள்தூள் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தரையெல்லாம் மஞ்சள். பென்டிரைவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, “எங்க போகணும்?” என்றார்.

ஆட்டோ பிடித்து விம்கோ நகர் மெயின் ரோட்டுக்குப் போனோம். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார். அண்ணிக்கு அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை.

“நைனா, நீ கொஞ்சம் வெளிய நில்லு.”

“இது என் கடைம்மா.”

“உன் கடைதான், யாரு இல்லன்னா? தூக்கிகினா போறேன்? வெளிய நில்லு.”

பாவம், அந்த மனிதர் தன் கடைக்கு வெளியே போய் நின்றார். மேப் பார்க்கிற மென்பொருளையும் பென்டிரைவிலேயே போட்டு வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. ஆடி ஃபோல்டரைத் திறந்தேன். போன வருட ஆடி, அதற்கு முந்தின ஆடி, போன ஞாயிற்றுக்கிழமை ஏற்றியது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். வடக்கே போய் வளைந்து, தென்கிழக்கே ஓடி, அத்தனை கோடும் ஒரே புள்ளியில் போய் முடிந்தன.

அண்ணி இத்தனை நாள் என் பின்னால் நின்றாரே தவிர, திரையில் இருப்பது என்னவென்று கேட்டதே இல்லை. இப்போது குனிந்து பார்த்தார்.

“எங்கப்பா எடம்தானே இது? கப்பல் நிக்கறதுக்கு அந்தாண்ட?”

“ஆமா அண்ணி.”

“இதுக்கா கலீஜ்னு பேர் வெச்சான் கய்தே?” என்று சொல்லிவிட்டு, மஞ்சள் விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டார். அப்புறம்தான் அழ ஆரம்பித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். ஆனால் கை வேலையை விடவில்லை. கம்ப்யூட்டர் இடத்தைக் காட்டுகிற கணக்கு வேறு, போட்டில் இருக்கிற கருவிகள் காட்டுகிற கணக்கு வேறு. ஒன்றை அப்படியே இன்னொன்றில் அடித்தால் பல மைல் தள்ளிப் போய் நிற்பார்கள். கருவியின் கணக்குக்கு மாற்றி, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. என்ன ஏதென்று புரியாவிட்டாலும், “நல்லபடியா வந்துடுவாங்கம்மா” என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி பென்டிரைவை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இந்த எண்ணைச் சின்ன மாமா காதில் மட்டும் சொல்லலாம். ஒருவர் தெரிந்துகொள்வதோடு போகும். மூன்று போட்டுக்கும் சொன்னால் சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். மாமனார் தேடிப் பிடித்த இடம், இந்தக் குடும்பத்தின் சோறு, வந்து சேர்ந்த மருமகள் கையால் ஊருக்குப் போய்விடும். இறங்கியதும் நான் சின்ன மாமாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

அண்ணி என் கையைப் பிடித்து நடுவில் இழுத்தார்.

“இன்னா குசுகுசுன்றே? சத்தமா சொல்லுடி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பென்டிரைவை மஞ்சளில் புதைத்த அதே மனுஷிதான். “மூணு போட்டும் போவணும். மூணு பேரும் எயுதிக்கங்கப்பா” என்று அவரே கூவினார். ஏலம் விடுகிற அதே குரல்.

நான் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்று பேரும் தங்கள் கருவியில் அடித்தார்கள். எங்கள் ஆபீசில் கண்டெய்னர் நம்பரைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அதேபோல ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். ஒருவர் ஓர் எண்ணை மாற்றி அடித்திருந்தார். அதைத் திருத்திய பிறகே விட்டேன். வடக்கே கடலோரக் காவல் படைப் படகு பார்த்துக்கொள்ளும் என்று மூன்று போட்டும் தென்கிழக்கே கிளம்பின.

அதற்குப் பிறகு வந்த அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்று எதிரிக்குக்கூட வரக் கூடாது. போட்டு கண்ணுக்கு மறைந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கு என்று அவர் வேறு எங்கேயாவது போயிருந்தால்? நிஜமாகவே எண்ணூருக்குப் போயிருந்தால்? என் பேச்சைக் கேட்டுத் தேட வேண்டியவர்களை எதிர்ப் பக்கம் அனுப்பிவிட்டேனே, மூன்று உயிர் போனால் அது என்னால்தானே! மணலில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் போட்டில் போன மூன்றாவது ஆளின் அம்மா கூழ்ச் சொம்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பிள்ளைக்காக அவர் அழ வேண்டிய நேரத்தில் எனக்கு ஒரு வாய் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. திரும்பும் வழியில் சிக்னல் எட்டியதும் கூப்பிட்டவர் சின்ன மாமா.

“மூணு பேரும் கீறாங்கம்மா. கூழு மிச்சம் கீதா? பசிக்குதாம்.”

போனை அண்ணி கையில் கொடுத்துவிட்டு மணலில் அப்படியே படுத்துவிட்டேன்.

இன்ஜின் கலீஜிலேயே நின்றுபோயிருக்கிறது. நங்கூரம் போட்டுத் தாங்கியிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் கயிறு பாறையில் உரசி அறுந்து, போட்டு ஆழத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது. தேடப் போனவர்கள் பாயிண்டில் யாரும் இல்லாததைப் பார்த்துத் திரும்பவில்லை. அங்கிருந்து காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்த்து அதே பக்கம் போயிருக்கிறார்கள். தூரத்தில் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தாராம்.

கரையேறியதும் அண்ணி தம்பி முதுகில் நாலு சாத்து, புருஷன் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு இரண்டு பேரையும் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சின்ன மாமா முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றார்.

“சித்தப்பா, காலைல உன்கிட்ட பொய் சொன்னேன்.”

“போடா. நான் மட்டும் பயவேற்காடு போறேன்னு சொன்னேனே, அத்த நம்பினியா நீ?”

அத்தனை பேரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு இவர் மெதுவாக, “எந்த பாயிண்ட் குடுத்தே?” என்று கேட்டார். கலீஜ் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். “சரி வுடு. உசுரு கீதே” என்றார்.

ஊர் முழுக்க ஒரே நாளில் புத்தர் ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தேடப் போன மூன்று பேரில் ஒருவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, கருவியைக் காட்டி அந்த பாயிண்டை அழித்துவிட்டுப் போனார். இன்னொருவர் அடுத்த வாரமே அங்கே போய்த் தூண்டில் போட்டார். மார்க்கெட்டில் அண்ணி அவருக்கு வைத்த பூசையில், அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

சின்ன மாமா அழிக்கவும் இல்லை, அங்கே போகவும் இல்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய தன் கருவியை என் முன்னால் வைத்தார்.

“இதையும் ஏத்தி வெச்சிக்கம்மா.”

நான் பதறிவிட்டேன். “மாமா, நான் உங்க எதிரியோட பொண்டாட்டி. என்கிட்டயா?”

“உன்கிட்டதான் குடுக்க முடியும். இந்தக் குப்பத்துல யாருகிட்ட குடுத்தாலும் அவனுக்கு ஒரு அண்ணன், ஒரு மச்சான் போட்டு வெச்சிகினு கீறான். உனக்கு இங்க யார் கீறா? உன் புருஷன்கிட்ட சொல்லுவியா?”

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “சொல்ல மாட்டா சித்தப்பா. சீரியல் கதைய கேட்டாலே சொல்ல மாட்டா” என்று குரல் கொடுத்தார்.

எந்தக் காரணத்துக்காக இத்தனை வருடம் என்னை வெளியூர்க்காரி என்று ஒதுக்கி வைத்தார்களோ, அதே காரணத்துக்காக அன்றைக்கு என்னை நம்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இப்போது குப்பத்தில் பாதி போட்டுகளின் கோடுகள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தனி பாஸ்வேர்டு. யார் கோட்டையும் நான் உட்கார்ந்து பார்ப்பதில்லை. போட்டு நேரத்துக்கு வராவிட்டால் மட்டும், அந்த வீட்டுப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் திறப்பேன். இதுவரை இரண்டு தடவை திறந்திருக்கிறேன். இரண்டு தடவையும் ஆள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கரையில் நின்று எல்லோரிடமும் வடக்கே என்றுதான் சொல்கிறார், அவர்களும் அவரிடம் பொய்தான் சொல்கிறார்கள், அது அவர்கள் தொழில். ஆனால் ஊருக்கெல்லாம் பொய் சொல்லிவிட்டுப் போகிற அத்தனை பேரும் உண்மையை விட்டுவிட்டுப் போக ஓர் இடமாக என்னைத் தேர்ந்தெடுத்தார்களே, கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கத் தெரியாத எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை இந்தக் குப்பம் வேறென்ன கொடுத்துவிட முடியும்!